தாதி ஏன் தாயைக் கேட்கிறார்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்பில் இருக்கிறோம். பேரனுக்கு இரண்டு மாதம். தடுப்பூசிக்குக் கிளினிக் போனபோது, எடை போதவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி வாருங்கள் என்றார் தாதி. பிறகு மருமகளிடம், தூக்கம் வருகிறதா, அழுகிறீர்களா, வீட்டில் உதவி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் வாய் திறக்காததால், “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று நானே சொல்லிவிட்டேன். உண்மையில் அவள் குளியலறையில் அழுகிறாள். சொன்னால்தான் பிள்ளையைத் தூக்குகிறாள். மகனுக்கு ஈப்போவில் ஷிப்டு வேலை. இதையெல்லாம் சொன்னால் சமூக நல இலாகா குழந்தையைக் கொண்டுபோய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த முறை என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, அடுத்த முறை நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மருமகளைத் தாதியிடம் தனியாக விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்காருங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகள்தான் மனம் திறப்பாள்?

அந்தக் கேள்விகள் உங்கள் குடும்பத்தைக் குறை சொல்ல வந்தவை அல்ல. குழந்தையின் உடல்நிலையைத் தாயின் மனநிலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும். கூடவில்லை என்றால் பால் குடிப்பதில் சிக்கல் இருக்கலாம், நோய் இருக்கலாம். பசிக்கு அழும் பிள்ளையை எடுக்கத் தாய்க்குத் தெம்பில்லாமலும் இருக்கலாம். அதனால்தான் தாதியின் பார்வை தராசோடு நிற்பதில்லை. தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா, தவணை தவறாமல் வருகிறாளா, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டதா என்றெல்லாம் கவனிப்பார். இன்னும் புரளத் தெரியாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் இருந்தால், அதைச் சும்மா விடவே மாட்டார்.

பிரசவமான முதல் சில நாள்களில் காரணமில்லாமல் அழுவது பல பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். உங்கள் மருமகளுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதைச் சோம்பல் என்றோ, இந்தக் காலத்துப் பெண்களின் செல்லம் என்றோ தயவுசெய்து எண்ணாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், மருத்துவம் உண்டு, குணமாகும். அதைக் கண்டறிய ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் பெயரில் 1987இல் வெளிவந்த பத்துக் கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே பழித்துக்கொண்டீர்களா என்பது போன்ற எளிய கேள்விகள்தான். பதிலைப் பார்த்துத் தேவையென்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி வாயை மூடிக்கொள்ள வேண்டாம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, குழந்தை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் டாக்டர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். அது குழந்தையின் பாதுகாப்புக்காக. அழுதேன், தூக்கமில்லை, உதவி வேண்டும் என்று சொல்லும் தாய் குற்றவாளி அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. மகன் அடுத்த தவணைக்கு லீவு எடுத்துக்கொண்டு வரட்டும், பிள்ளை அவனுடையதும்தானே. பால் கொடுத்து முடித்ததும் பேரனை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளை இரவில் நான்கு மணி நேரமாவது தொடர்ந்து தூங்க விடுங்கள். குழந்தைகளின் அழுகை ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும். அதைத் தாங்க முடியாமல் யாருக்காவது கோபம் தலைக்கேறினால், பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளையை ஒருபோதும் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

சாக வேண்டும் போலிருக்கிறது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என அவள் சொன்னாலோ, யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பதாகச் சொன்னாலோ, தவணை நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆம்புலன்சுக்கு 999. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அவள் யாரிடமாவது பேச விரும்பினால், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே உதவி எண் 15999. இரண்டையும் அவளுடைய கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள்.