டிக்கெட் காசும் பிள்ளையின் உயரமும்

கேள்வி: மகனுக்கு 4 வயது, மகளுக்கு 2. மே மாதம் பெங்களூரு வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். "இந்த வயசுல என்ன ஞாபகம் இருக்கப் போகுது? காசுக்குப் பிடிச்ச கேடு" என்கிறார் மாமியார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மூன்று வயதுக்கு முன் நடந்தது வளர்ந்த பிறகு அநேகமாக யாருக்கும் நினைவிருப்பதில்லை; மாமியார் சொல்வது சரி. அதற்காக அந்த வயதில் யாரும் பிள்ளைக்கு நிலாக் காட்டாமல் இருப்பதில்லையே!

ஆனால், மே மாதம் எதற்கு? மகன் எல்.கே.ஜி. படித்தால்கூட ஒரு நாள் லீவு போடுவதால் குடி முழுகிவிடாது. பள்ளிகள் திறந்த பிறகு ஒரு செவ்வாயோ புதனோ போனால் கூட்டமும் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். சின்னக் குழந்தையின் உடம்பு நம்முடையதைவிடச் சீக்கிரம் சூடேறிவிடும். உச்சிவெயிலில் வரிசையில் நிற்கவைப்பது வதைதான்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அங்கே வயதைவிட உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வாங்க வேண்டாம். உங்கள் மகள் கிட்டத்தட்ட அந்த அளவில் இருப்பாள். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். அது பத்து வயதுப் பிள்ளையின் உயரம். உங்கள் மகன் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருப்பான்.

அளவுப் பலகைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி, "லேசா எக்கி நில்லுடா" என்று காதில் சொல்லும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருவர் சேர்ந்து உட்காரும் இருக்கையில் ஒரே கம்பி இருந்தால், அது பெரியவரின் தொடையில் இடித்து நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி அப்படியே இருக்கும். குலுக்கலில் பிள்ளை நழுவுவது அந்த இடைவெளியில்தான். பலகையில் கோடு போட்டிருப்பது அதற்காக. ஊழியரிடம் "ஒரு தடவைதானே, விடுங்க" என்று மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இன்னொன்று, "இவ்வளவு காசு கொடுத்திருக்கோம், ஏறு" என்ற பேச்சு. பயந்து அழுகிற பிள்ளையை வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டு, எதிரே நின்று வீடியோ எடுக்கிறார்கள். இது கொடுமை. பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவன் குதிரை ராட்டினத்திலேயே நாலு முறை சுற்றட்டும். டிக்கெட் காசு வசூலாகவில்லையே என்று நீங்கள் தவிக்காதீர்கள். பெரிய ரைடுகளில் ஏற ஆசை இருந்தால் நீங்களும் கணவரும் மாறி மாறிப் போய் வாருங்கள். மாமியாரும் வந்தால், அவரைப் பைகளுக்குக் காவலாக பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

தண்ணீர்ப் பக்கம் போகும்போது மட்டும் என் பேச்சைக் கண்டிப்பாகக் கேளுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் இரண்டு வயதுக் குழந்தை மூழ்கிவிடும். கத்தவோ கையை ஆட்டவோ அதற்குத் தெரியாது. காற்றடைத்த டியூப் காப்பாற்றாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், செல்போன் இல்லாமல். பிள்ளைகள் இருவரின் மணிக்கட்டிலும் உங்கள் செல் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தண்ணீரில் நனைந்து அழிந்தால் மறுபடி எழுதுங்கள்.

மதியம் சாப்பிட்டதும் சின்னவளுக்குத் தூக்கம் வரும். நிழலில் தூங்கவிடுங்கள். எழுந்ததும் சிணுங்கினால், பாதி ரைடு பாக்கியிருந்தாலும் வண்டியைக் கிளப்புங்கள். வொண்டர்லா இருக்கும் பிடதியிலிருந்து ஓசூருக்கு பெங்களூரு நெரிசலைத் தாண்டி வர வேண்டும்.