கல்லீரல் சுருக்கம் உள்ளவர் கடலில் இறங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் இருக்கிறது. காலில் புண் இருக்கும்போது கடலில் இறங்கக் கூடாது, பச்சைச் சிப்பி சாப்பிடக் கூடாது என்கிறார் மருத்துவர். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாதபோது இவருக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?

பதில்: உங்கள் மருத்துவர் மிகைப்படுத்தவில்லை. வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுகங்களிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகளின் உடலில் அது செறிந்துவிடுகிறது. நலமாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கோ ரத்தத்திலேயே பரவிவிடக்கூடும்.

குடலிலிருந்து வரும் ரத்தத்தில் உள்ள கிருமிகளைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் விழுங்கி அழிக்கின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்த ரத்தத்தில் ஒரு பகுதி வேறு நாளங்கள் வழியாகக் கல்லீரலைத் தொடாமலே உடலுக்குள் சென்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் ஹார்மோனைச் சுரப்பதும் கல்லீரல்தான் என்பதால், அது குறைந்து ரத்தத்தில் இரும்பு மிகும்போது விப்ரியோ வேகமாகப் பெருகுகிறது.

கடல்நீர் புண்ணில் பட்டோ பச்சைச் சிப்பி உண்டோ ஓரிரு நாட்களில் குளிர்காய்ச்சல், புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, ஊதா நிறத் திட்டுகள், ரத்தம் கோத்த கொப்புளங்கள் ஆகியவற்றில் எது தோன்றினாலும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ரத்தத்தில் பரவிய பிறகு, சிகிச்சை அளித்தும் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். சிரோசிஸ் இருப்பதையும் கடல்நீர் பட்டதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அப்போதுதான் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினையும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தையும் சேர்த்துத் தொடங்க முடியும். அழுகிய திசுவை அகற்ற அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் சிலருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சலே வராது. திடீர்க் குழப்பம், அளவு மீறிய தூக்கம், வயிற்றுவலி மட்டுமே தென்படும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த நீரிலேயே தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பதால், ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதிப்பது அவசியம். கிருமிகள் ரத்தத்தில் பரவும் இதே ஆபத்து இருப்பதால், நாய் அல்லது பூனை கடித்தாலும், கீறல் சிறியதாக இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

எலுமிச்சைச் சாறும் மிளகாயும் இந்தக் கிருமியைக் கொல்லா. உறைய வைப்பதையும் நம்ப முடியாது. முழுமையாக வேகவைத்தால் அழிந்துவிடும். ஆகவே மீனையே நிறுத்திவிட வேண்டாம்: கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்குப் புரதம் மிகவும் தேவை, நன்றாக வெந்த மீனை உப்புக் குறைத்துக் கொடுக்கலாம்.