முதல் எட்டில் ஒரு பங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நன்றாகப் படிக்கும் பொறியியல் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் டாவ் பீட்டா பை என்ற கௌரவச் சங்கத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சேர்வதற்குக் கட்டணம் உண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் அனுப்பும் அமைப்புகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவளுடைய தயக்கம் வேறு. மதிப்பெண் மட்டும் போதாது, நடத்தையையும் பார்த்து உறுப்பினர்கள் வாக்களிப்பார்களாம். மாலை வேளைகளில் வளாக உணவுக்கூடத்தில் வேலைக்குப் போவதால், பொதுச்சேவை என்று எடுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்தவரைப் படிப்புக்காகக் கௌரவித்தால் போதாதா? நடத்தையை எடைபோட இவர்கள் யார்?

ஒரு தந்தை, திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டாவ் பீட்டா பை போலி அமைப்பு அன்று. 1885-இல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று 250-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. உங்கள் மகள் படிக்கும் பர்டியூவின் கிளை 1893-இல் ஏற்பட்டது. மூன்றாம் ஆண்டில் தர வரிசையில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள்ளும், இறுதியாண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும் வருபவர்களையே தேர்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்த அழைப்பு வந்ததே உங்கள் மகளின் உழைப்புக்குக் கிடைத்த சான்று. நேரில் போய்ப் பார்க்க வளாகத்தில் கிளையும் மாணவப் பொறுப்பாளர்களும் ஆலோசகராக ஆசிரியர்களும் இல்லாமல், மின்னஞ்சலில் மட்டும் வந்து பணம் கேட்கும் சங்கம் எதுவானாலும் அதை நீங்கள் சந்தேகிப்பது சரியே.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடை இந்தச் சங்கம் பிறந்த காரணத்திலேயே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் 1776 முதலே பை பீட்டா கப்பா என்ற கௌரவச் சங்கம் இருந்துவந்தது. வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய அது, இலக்கியமும் தத்துவமும் பழைய மொழிகளும் பயின்றவர்களுக்கு உரியதாக இருந்தது. சுரங்கம், பாலம், இயந்திரம் என்று படித்தவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் அங்கே அவருக்கு இடமில்லை. லீஹையில் சுரங்கவியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஹிகின்சன் வில்லியம்ஸ், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அந்தப் பழைய சங்கத்தின் உறுப்பினராகியிருந்தவர். தமக்குக் கிடைத்த பெருமை தம் மாணவர்களுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பாடத்தின் காரணமாகவே மறுக்கப்படுவதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏறக்குறைய தனியொருவராகவே புதிய சங்கத்தின் விதிகளையும் சின்னத்தையும் வகுத்தார். அந்த ஆண்டு வகுப்பில் முதலிடம் பெற்ற இர்விங் ஆண்ட்ரூ ஹைக்ஸ் அதன் முதல் மாணவ உறுப்பினரானார். அடுத்த கிளை மிச்சிகனில் ஏற்பட 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் வகுத்த சின்னத்தை உங்கள் மகள் வளாகத்தில் பார்த்திருக்கக்கூடும். பல கல்லூரிகளில் அதை ஆளுயர உலோக உருவமாக வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அக்காலத்து ரயில் பாதைகள் பள்ளத்தாக்குகளைக் கடக்க மரச் சட்டங்களாலான உயர்ந்த பாலங்கள் கட்டப்பட்டன. பாதையின் குறுக்காக, கால்களை அகட்டி ஊன்றி, மேலே செல்லும் வண்டியின் பாரத்தைத் தரைக்கு இறக்கும் ஒற்றைச் சட்டகத்துக்குப் பென்ட் என்று பெயர். அதன் வடிவத்தையே சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சிறு திறவுகோலாகச் செய்து வைத்தார் வில்லியம்ஸ். பொறியாளருக்கான சின்னத்தில் கிரீடமோ வெற்றி மாலையோ இல்லாமல் பாரம் தாங்கும் உறுப்பு ஒன்று இடம்பெற்றிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நடத்தையை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். பொறியாளரின் பிழை அவருடைய விடைத்தாளோடு நின்றுவிடுவதில்லை என்பதே என் பதில். கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவர், மேலதிகாரியின் அவசரத்துக்காகச் சோதனை ஒன்றைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்துப் போட்டால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் அவரை அறியாத மனிதர்கள். இதை மதிப்பெண் பட்டியல் காட்டிக்கொடுக்காது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்த சக மாணவருக்கு ஓரளவு தெரியும். ஆகவே தர வரிசை வாசலைத் திறந்துவிடுவதோடு நின்றுகொள்ள, உள்ளே அழைப்பதா என்பதை ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் மாணவர்கள் வாக்களித்து முடிவுசெய்யும் முறையை நான் ஆதரிக்கிறேன். அதில் விருப்பு வெறுப்பு புகுந்துவிடும் ஆபத்து உண்டுதான். ஆனால் உங்கள் மகளின் கவலைக்குச் சங்கத்தின் தகுதி விதிகளிலேயே நேரடியான பதில் இருக்கிறது. ஒருவர் தன்னலமற்ற செயல்களைப் போதிய அளவு செய்து காட்டவில்லை என்பதற்காக, வாய்ப்புக் கிடைத்தால் செய்யமாட்டார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்ற கருத்து அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மாலை நேரத்தை உழைப்புக்குக் கொடுத்துவிட்ட மாணவிக்காகவே எழுதப்பட்டதைப் போன்ற விதி அது.

தந்தை என்ற முறையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு வரலாறும் உண்டு. நடத்தையைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதிவைத்த இதே சங்கம் 1969 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1936 முதல், ஆண்களுக்குரிய அதே தகுதியை எட்டிய பெண்களுக்கு மகளிர் சின்னம் என்று ஒன்றை அளித்தார்கள். அதை அணிந்துகொள்ளலாம், ஆனால் உறுப்பினர் அல்லர். படிப்பிலும் பண்பிலும் குறையில்லை என்று தானே சான்றளித்துவிட்டு, கூட்டத்தில் உட்கார இடம் கொடுக்காமல் முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்தது. பாடத்தின் பெயரால் நேர்ந்த புறக்கணிப்பை எதிர்த்துப் பிறந்த அமைப்பு, பிறப்பின் பெயரால் அதே புறக்கணிப்பைச் செய்தது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். பின்னாளில் விதியைத் திருத்தியது நல்லது. ஆனாலும் அந்தச் சின்னத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன பெண் பொறியாளர்களை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். இன்று அவளுக்கு வந்திருக்கும் அழைப்பு அவர்களுக்கு வந்திருக்க வேண்டியது.

பயன் என்ன என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். உறுப்பினர் தகுதி வாழ்நாள் முழுவதற்கும் உரியது. இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகையும் மேற்படிப்புக்கு நிதியும் வழங்குகிறார்கள்; போட்டி கடுமையாக இருக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் அந்த ஒரு வரியைக் கண்டுகொள்ளும் மூத்த பொறியாளர்கள் உண்டு, ஆனால் அதுவே வேலை வாங்கித் தரும் என்று எண்ண வேண்டாம். துறைவாரியான சங்கங்களும் இருக்கின்றன. இயந்திரவியலுக்கு 1915-இல் தோன்றிய பை டாவ் சிக்மா, மின்னியலுக்கு 1904-இல் இல்லினாயில் மாணவர்களே தொடங்கிய ஈட்டா கப்பா நூ ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முதலாவதிலிருந்து உங்கள் மகளுக்கு அழைப்பு வந்தால் அதையும் ஐயுற வேண்டியதில்லை.

அவள் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். சேருமுன் கிளையின் அறிமுகக் கூட்டத்துக்கு ஒருமுறை போகட்டும். தன்னைப் பற்றி எழுதவோ பேசவோ நேர்ந்தால் உணவுக்கூட வேலையை மறைக்காமல் முதலில் சொல்லட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு அந்தத் தர வரிசையை எட்டினாள் என்பது வாக்களிப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. கட்டணம் சுமையாக இருந்தால், தவணையோ உதவியோ உண்டா என்று கிளைப் பொருளாளரிடம் கூச்சமில்லாமல் கேட்கச் சொல்லுங்கள்.