மாசியில் பூத்த வேம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் வாசல் வேம்பு இந்த வருஷம் மாசி பாதியிலேயே பூத்துவிட்டது. அதே வாரம் என் ஏழு வயது மகனுக்கு மூச்சிளைப்பு வந்தது. பருவநிலை மாற்றத்தால் அமெரிக்காவில் மகரந்தக் காலம் 20 நாள் முன்னால் வருகிறது என்று படித்தேன். நம் வேம்பும் அப்படித்தானா? பக்கத்து வீட்டார் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். ஃபெஞ்சல் புயலில் ஊறிய படுக்கையறைச் சுவர் வேறு இன்னும் காயவில்லை, அதற்கும் செலவு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வெட்டாதீர்கள். பையனை நெஞ்சு மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டார் நெஞ்சு மருத்துவர் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த அமெரிக்க ஆய்வு உண்மைதான். 1990 முதல் 2018 வரையிலான கணக்கு அது. மகரந்தக் காலம் 20 நாள் முந்தியிருக்கிறது, மகரந்தமும் 21 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் அங்கே மரம் குளிர் விடுவதற்காகக் காத்திருக்கிறது. நமக்கு விடுவதற்குக் குளிர் எங்கே? மார்கழியில் மின்விசிறியை ஒன்றில் வைப்போம், அவ்வளவுதான். மழை எப்போது நின்றது, மண் எவ்வளவு காய்ந்தது என்பதெல்லாம்தான் நம் மரங்களின் கணக்கு. 2021 பொங்கல் சமயத்தில் கொட்டியது போல மழை தை வரை இழுத்தால், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காரர்கள் பூவை நினைத்துத் தூங்க மாட்டார்கள். அந்த 20 நாளைக் கொண்டுவந்து லாஸ்பேட்டை வேம்பின் கழுத்தில் கட்டாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கொல்லையிலும் ஒரு வேம்பு இருந்தது. உங்கள் மகன் வயதில் எனக்கும் இளைப்பு. ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அம்மா தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி முதுகில் தேய்ப்பாள். வேப்பம்பூ காற்றுதான் காரணம் என்று யாரோ சொல்ல, அப்பா ஆள் விட்டு ஒரே காலையில் மரத்தைச் சாய்த்துவிட்டார். மறு வருஷம் இளைப்பு சொன்ன தேதிக்கு வந்தது. பங்குனிதோறும் பழைய புடவையை மரத்தடியில் விரித்துப் பூ சேர்த்த அம்மா, அந்தச் சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூவைக் கடையில் வாங்கினாள். ரசம் ஊற்றும்போது அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை.

லீவு விட்டால் நான் கிடந்தது எங்கே தெரியுமா? தேவனாம்பட்டினம் தாண்டி மாமாவின் சவுக்குத் தோப்பில். கிளையை உலுக்கினால் சட்டைக் காலரில் துரு நிறத்தில் தூள் படியும். அதுதான் சவுக்கின் மகரந்தம். சவுக்கு பூக்கும் என்றே அங்கே யாரும் சொன்னதில்லை. பூ என்றால் நமக்கு நிறம் வேண்டும், வாசனை வேண்டும். ஆனால் வாசனையும் தேனும் வைத்திருக்கிற பூ தேனீயை வேலைக்கு வைத்திருக்கிறது. அதன் மகரந்தம் பிசுபிசுப்பு, கனம். அதிக தூரம் பறக்காது. வேம்பு பெரும்பாலும் அந்த ஜாதி. காற்றை நம்பிய செடிக்கு அலங்காரம் எதற்கு? சவுக்கு, புல், சோளம் எல்லாம் உலர்ந்த தூளை அள்ளி அள்ளி விடும். சவுக்கின் ஆண் பூ ஊசிக் கிளையின் நுனியில் பழுப்பாக ஒரு முடிச்சு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற பூவுக்குக் கோடாலி, தெரியாத பூவுக்கு ஒன்றுமில்லை! அறுபது வருஷமாக இந்த அநியாயத்தைப் பார்க்கிறேன், இன்றைக்கும் கோபம் வருகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் சவுக்கை வெட்டக் கிளம்ப வேண்டாம். எப்படியும் நாலைந்து வருஷத்தில் கம்புக்கு வெட்டத்தான் போகிறார்கள்.)

அப்புறம், போகிற போக்கில் ஒரு சுவரைச் சொன்னீர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபமே அதில்தான். 2024 நவம்பர் 30 புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதில் ஊறிய சுவரை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை அதே அறையில் படுக்கப் போட்டிருக்கிறீர்கள். பூசணமும் பூக்கத்தான் செய்கிறது என்று நம் பாஷையே சொல்கிறதே! அதன் தூள் மகரந்தத்தைவிடச் சின்னது, நெஞ்சுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். மரம் வெட்டுகிற கூலியை அந்தச் சுவருக்குக் கொடுங்கள். இன்றைக்கே பீரோவை நகர்த்திப் பின்னால் பாருங்கள். அதுவரை பையனை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

வேப்பம்பூ உதிர்ந்தால் காயவைத்து எனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள். கடையில் வாங்குவதில் பாதி காம்புதான்.