பைகளுக்குக் காவலா அம்மா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கும் நாங்கள் விடுமுறைக்குத் திருச்சி வந்திருக்கிறோம். அடுத்த மாதம் திரும்பும்போது என் அம்மாவையும் (வயது 68) ஆறு மாதத்துக்கு அழைத்துப் போகிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால், ஐந்து வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வழியில் சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்கு இறங்குகிறோம். அடுத்த விமானம் மாலை ஆறு மணிக்கு. இந்தப் பதினொரு மணி நேரத்தில் மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை த பே பூங்கா, சென்டோசா தீவு, முஸ்தபா கடை, ஜுவல் வணிக வளாகம் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் அவரைக் கைப்பைகளோடு விமான நிலையத்திலேயே உட்கார வைத்துவிடலாம் என்றிருக்கிறோம். அவருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்த வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும்?

பதில்: வரிசை இருக்கட்டும். "கைப்பைகளோடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு நான்கு பைகளாவது இருக்கும். நடுவில் அம்மா கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வார்? பைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. ஆளில்லாத பையை எந்த விமான நிலையத்திலும் சும்மா விடமாட்டார்கள். எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, வலிக்கிற காலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் போகமாட்டார். தண்ணீர் குடிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். கையில் சிங்கப்பூர் டாலரும் இருக்காது, இருந்தாலும் உங்களைக் கேட்காமல் ஒரு காபி வாங்கமாட்டார். நீங்கள் திரும்பி வந்து "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டால் "பசிக்கவில்லை" என்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? உங்கள் பையில்தான் என்று நினைக்கிறேன். மழையிலோ போக்குவரத்து நெரிசலிலோ நீங்கள் மாட்டிக்கொண்டு, இங்கே விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டால் அந்த அம்மாள் எந்த வாயிலுக்குப் போவார், யாரைக் கேட்பார்? பட்டியல் போட்ட உங்களுக்கு இது தோன்றவே இல்லையா?

"ஆட்சேபணை இல்லை" என்பதை எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி படிக்கிறேன். அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை, மாமியாருக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? "எங்களோடு வருகிறாயா?" என்றா, "நீ இங்கேயே இருந்துகொள்கிறாயா?" என்றா? இரண்டாவது விதமாகக் கேட்டால் எந்தத் தாயும் "சரி" என்றுதான் சொல்வாள். பேரனை வளர்க்கக் கடல் கடந்து வரும் பாட்டியைக் கையோடு அழைத்துப் போவது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உதவி தேவைப்படும் வீட்டுக்குள் அவர் குடும்பத்தில் ஒருவர், ஊர் சுற்றும்போது மட்டும் சுமையா? ஆறு மாதம் உங்கள் வீட்டில் உழைக்கப் போகிறவருக்கு முதல் நாளிலேயே அவருடைய இடம் எது என்று காட்டிவிடுகிறீர்கள். என் மகள் வயதுதான் உங்களுக்கும் இருக்கும், அதனால் சொல்கிறேன்: இது சரியில்லை.

இனி உங்கள் பட்டியல். அந்தப் பதினொரு மணி நேரம் உங்கள் கையில் முழுதாக இருக்காது. இறங்கி வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை மூன்றரைக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சென்டோசாவுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும், அதை அடித்துவிடுங்கள். கார்டன்ஸ் பை த பேயில் எல்லோரும் பார்க்கத் துடிக்கும் ஒளிக்காட்சி இரவு 7.45 மணிக்குத்தான், அப்போது நீங்கள் வானத்தில் இருப்பீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூருக்கு விசா வேண்டும். ஆனால் ஒரு மாதமாவது செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசாவும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் இருந்தால் விசா இல்லாமலே வெளியே போகக் கேட்கலாம். முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில். நால்வருக்கும் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல.

கைப்பைகளைக் கட்டணம் கட்டி வைத்துச் செல்ல விமான நிலையத்திலேயே இடம் இருக்கிறது. அம்மாவின் மாத்திரைகளை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயில் மலிவுதான், ஆனால் அம்மாவின் காலுக்காக டாக்சி பிடியுங்கள். நால்வரும் ஒரே வண்டியில் போகலாம். நேராகச் சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயில்தான் முதலில். அதே சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். பக்கத்தில் தேக்கா சந்தை. கீரையும் முருங்கைக்காயும் அடுக்கியிருக்கும் கடைகளில் தமிழிலேயே விலை கேட்கலாம். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகைகளிலும் அம்மா அதைப் பார்ப்பார். வெளிநாடு என்றதும் வாயை மூடிக்கொண்டு மகளின் பின்னால் நடக்க வேண்டும் என்று பயப்படுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் நாள் கிடைக்காது. முஸ்தபாவுக்கு நீங்கள் போய் வரும் அரை மணி நேரம் உங்கள் கணவர் அம்மாவோடு இருக்கட்டும்.

பிறகு டாக்சியில் மரினா பே. மெர்லயனைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஜுவலைக் கடைசியாக வையுங்கள். அது விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, காலையிலேயே போனால் நீர்வீழ்ச்சி ஓடாது. கூரையிலிருந்து 40 மீட்டர் விழும் அந்தத் தண்ணீரை உங்கள் மகன் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அம்மாவின் டிக்கெட்டில் சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள். இல்லையென்றால் உடனே போடச் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடம் போய், "சிங்கப்பூரில் கோயிலுக்குப் போகிறோம், எந்தச் சேலையைக் கைப்பையில் வைக்கட்டும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டும் கால் ஒத்துழைக்காது என்று அவரே சொன்னால், உங்களில் ஒருவர் அவரோடு தங்குங்கள். விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது, அங்கே மெதுவாக அழைத்துப் போகலாம். மற்றவர் மகனோடு ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும்.