இரும்புச்சத்து பரிசோதனை: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: சில மாதங்களாகத் தீராத களைப்பு. லேபில் விசாரித்தால், சீரம் அயர்ன் மட்டும் என்றால் ஒரு விலை, 'அயர்ன் ப்ரொஃபைல்' என்றால் கூடுதல், ஃபெரிட்டின் தனி என்கிறார்கள். விலை குறைந்த சீரம் அயர்ன் போதாதா?

பதில்: போதாது. தனியாக எடுத்தால் அதிகம் குழப்புவது அந்தப் பரிசோதனைதான். நம் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, மிச்சத்தில் பெரும்பாலானது கல்லீரல் போன்ற இடங்களில் சேமிப்பாகக் கிடக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் பயணத்தில் இருப்பது ஏறக்குறைய 3 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சீரம் அயர்ன் காட்டுவது இந்தத் துளியைத்தான். அது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். அன்று விழுங்கிய இரும்பு மாத்திரை அதை ஏற்றிவிடும், ஒரு சாதாரணக் காய்ச்சல் இறக்கிவிடும்.

கையில் இருப்பது ஒரே ஒரு பரிசோதனைக்கான பணம் என்றால், முழு ரத்த எண்ணிக்கை ஏற்கெனவே எடுத்திருக்கும் பட்சத்தில், என் வாக்கு ஃபெரிட்டினுக்கு. அது சேமிப்பின் அளவைச் சொல்லும். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே சேமிப்பு கரையத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் சீரம் அயர்ன் 40, டி.ஐ.பி.சி. 500, சாச்சுரேஷன் 8 சதவீதம். முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் எனக்கு இரும்பு குறைவா, அதிகமா?

பதில்: குறைவு. மூன்று எண்களும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இரும்பு ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. கல்லீரல் தயாரிக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமந்து செல்கிறது. ஆளுக்கு இரண்டு இருக்கை உள்ள வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.ஐ.பி.சி. என்பது ஓடும் வண்டிகளில் உள்ள மொத்த இருக்கைகள், சீரம் அயர்ன் என்பது உட்கார்ந்திருக்கும் பயணிகள். 40-ஐ 500-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 8. இதுதான் சாச்சுரேஷன்: நூறு இருக்கையில் எட்டில்தான் ஆள். பொதுவாக 20 முதல் 50 சதவீதம் வரை நிரம்பியிருக்கும்.

உங்களைக் குழப்பிய விஷயம் இதுதான்: சேமிப்பு வற்றும்போது கல்லீரல் டிரான்ஸ்ஃபெரினைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. அதனால்தான் பற்றாக்குறையில் டி.ஐ.பி.சி. உயர்கிறது. கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது உயரக்கூடும். அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். நீங்கள் ஆண் என்றாலோ, மாதவிடாய் நின்ற பெண் என்றாலோ, மாத்திரையோடு விஷயம் முடியாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஒரு பேக்கேஜில் 'ஐந்து இரும்புப் பரிசோதனைகள்' என்று போட்டு சீரம் அயர்ன், யு.ஐ.பி.சி., டி.ஐ.பி.சி., டிரான்ஸ்ஃபெரின், சாச்சுரேஷன் என அடுக்கியிருக்கிறார்கள். லாபமா?

பதில்: எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். யு.ஐ.பி.சி. காலி இருக்கை. அதோடு சீரம் அயர்னைக் கூட்டினால் டி.ஐ.பி.சி. வந்துவிடும். சாச்சுரேஷன் வெறும் வகுத்தல் கணக்கு. டிரான்ஸ்ஃபெரினும் டி.ஐ.பி.சி.யும் ஒரே விஷயத்தின் இரு அளவுகள், ஒன்று போதும். இந்த ஐந்தில் ஃபெரிட்டின் இல்லை, கவனித்தீர்களா? அது இல்லாத பேக்கேஜை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்) உண்டு. ஹீமோகுளோபின் குறைவு, ஆனால் ஃபெரிட்டின் 60, 'நார்மல்' என்கிறது ரிப்போர்ட். அப்படியானால் இரும்புக் குறைபாடு இல்லையா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஃபெரிட்டினுக்கு ஒரு கெட்ட குணம்: உடலில் அழற்சி, தொற்று, கல்லீரல் நோய் இருந்தால் சேமிப்பு குறைந்திருந்தாலும் அது ஏறி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்கிறது. தொற்றோ அழற்சியோ இருப்பவர்களுக்கு அந்த எல்லை 70. ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்த 'நார்மல்' வரம்புக்கு உங்கள் மூட்டுவலி தெரியாது. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் ஃபெரிட்டினோடு சாச்சுரேஷனும், அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுப்பது பணத்துக்குத் தகுந்த செலவு.

கேள்வி: வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: ஃபெரிட்டினுக்குத் தேவையில்லை. சீரம் அயர்ன் இருந்தால் காலையில், சாப்பிடாமல் போவது நல்லது. மருத்துவர் சம்மதித்தால் இரும்பு மாத்திரையையும் இரும்பு சேர்ந்த சத்து மாத்திரையையும் முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சாச்சுரேஷன் 58 சதவீதம். சத்து அதிகம் என்றால் நல்லதுதானே?

பதில்: இல்லை. முதலில், முந்தைய கேள்வியில் சொன்னபடி மாத்திரை இல்லாமல் இன்னொரு காலையில் மறுபடி எடுங்கள். மீண்டும் 45-க்கு மேல் வந்தால் ஃபெரிட்டினையும் பார்த்து, ஹீமோகுரோமட்டோசிஸ் என்னும் பரம்பரை இரும்புத் தேக்கம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேங்கும் இரும்பு கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். அதுவரை இரும்பு டானிக் எதையும் வாங்காதீர்கள், லேபிளில் 'இயற்கையானது' என்று எழுதியிருந்தாலும் சரி.

கேள்வி: இரும்பு ஊசி ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. இப்போது ஃபெரிட்டின் பார்க்கலாமா?

பதில்: வீண் செலவு. ஏற்றிய சில வாரங்களுக்கு அது பொய்யாக உயர்ந்தே இருக்கும். குறைந்தது நான்கு வாரம் பொறுத்து, ஹீமோகுளோபினோடு சேர்த்து, முன்பு எடுத்த அதே லேபில் எடுங்கள்.