மருமகன் விபத்தில் இறந்தால் மாமியாரும் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி இதுதான்: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை பார்த்த அக்கா கணவர், வயது 34, ஏற்காடு மலைப்பாதையில் லாரி மோதி இறந்துவிட்டார். பெற்றோர் இல்லாதவர். அக்கா, இரண்டு குழந்தைகள், அவர்களோடே இருந்த எங்கள் அம்மா, எல்லோரும் அவர் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் வராது. மனுவில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள் தம்பி. சேலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், விபத்து இழப்பீடு கேட்கும் எம்.சி.ஓ.பி. மனுதான் அன்றாட வேலை. "கிழவியைச் சேர்த்தால் பங்குக்கு ஆள் கூடும்" என்று சொந்தபந்தம் சொல்வதைக் கேட்டு வயதானவர்களை விட்டுவிடுகிறார்கள். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகள் மனு போடலாம். அது வாரிசுச் சான்றிதழோடு முடிவதில்லை. மருமகனோடு வாழ்ந்து அவரை நம்பியிருந்த மாமியாரும் அதில் அடக்கம் என்று 2021-ல் ஜெயஸ்ரீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறந்தவரின் சம்பாதிக்கும் கல்யாணமான மகன்களும் கேட்கலாம் என்று 2020-லேயே தீர்ப்பு உண்டு.

பங்கு குறையும் என்கிறார்களே, கணக்கைப் பாருங்கள். மாத வருமானம் 15,000 என்று வைப்போம். வயது 40-க்குள் என்பதால், சொந்தத் தொழிலோ கூலியோ, பின்னால் வருமானம் உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் கூட்டி 21,000. நம்பியிருந்தவர்கள் மூன்று பேர் என்றால் அவர் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கு பேர் என்றால் கால் பங்குதான். மிச்சத்தை 12 மாதத்தால் பெருக்கினால் வருடக் கணக்கு, அதை 34 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மூன்று பேருக்கு 26,88,000 ரூபாய், நான்கு பேருக்கு 30,24,000. அம்மாவைச் சேர்த்தால் மொத்தத் தொகையே கூடுகிறது.

இன்சூரன்ஸ் வக்கீல் சும்மா விடமாட்டார். "பெற்ற மகன் இருக்கும்போது மருமகன் ஏன் சோறு போட வேண்டும்?" என்று கூண்டில் அம்மாவைக் கேட்பார். நீங்கள் இருப்பதால் இது நிச்சயம் வரும். அக்கா வீட்டு ரேஷன் கார்டில் அம்மா பெயர், அதே முகவரியில் ஆதார், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி, மூன்றையும் இப்போதே தயார் செய்யுங்கள். பட்டறை முதலாளியிடம் கூலி பற்றியும் சாட்சி கேளுங்கள்.

அப்புறம், சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. காரியம் முடிந்ததும் எஃப்.ஐ.ஆர். நகலோடு வக்கீலைப் பாருங்கள். கையில் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அக்காவுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.